துணியா, டயப்பரா, சும்மா விடுவதா? கரையோர வீடுகளுக்கு ஒரு கணக்கு

ஒரு வயது தாண்டிய பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு ஓயாது. மாமியார் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருப்பார். மருமகள் போனில் பூப்போட்ட துணி டயப்பர் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பார். வெளிநாட்டில் இருக்கிற அப்பா ஊருக்கு வரும்போது பெட்டியில் பாதியை டயப்பராலேயே நிரப்பிக்கொண்டு வருவார். “எங்க காலத்துல எவ டயப்பரக் கண்டா? பிள்ளைக்குக் காத்துப் படட்டும்த்தா” என்று அப்பத்தா ஒரு பக்கம். “சரிங்கத்தை, துவைக்கிறதுக்குத் தண்ணி?” என்று மருமகள் ஒரு பக்கம்.

மருமகள் கேட்டதுதான் சரியான கேள்வி. இணையத்தில் கிடைக்கிற ஒப்பீடுகள் பெரும்பாலும் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் கொட்டுகிற வீட்டை நினைத்து எழுதியவை. அதைப் படித்துவிட்டு நம் ராமநாதபுரம் கரையில், மண்டபத்திலோ வாலிநோக்கத்திலோ முடிவெடுத்தால் மூன்றாம் நாளே தடுமாற்றம்தான். நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். டயப்பர் விலை அதற்குப் பிறகு. இன்னொன்றும் உண்டு: வருஷம் முழுக்க ஒரே முடிவு இங்கே நிற்காது. மழை மாசத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்பவர்களுக்குத்தான் செலவும் குறைகிறது, சண்டையும் குறைகிறது.

ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பச்சைக் குழந்தைக்குக் கணக்கு வேறு.

## எதையெல்லாம் வைத்துப் பார்ப்பது

தண்ணீர். கரையோரத்தில் ஒரே வீட்டுக்குள் இரண்டு மூன்று தண்ணீர் இருக்கும். குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீர். அது வராத நாளில் லாரி, அல்லது தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய்ப் பிடித்து வருவது. துவைக்க, கழுவ போர் தண்ணீர். அது பெரும்பாலும் உப்பு. சில ஊர்களில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்திருப்பார்கள். மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் அடியிலுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக நிற்கும். சிரட்டையால் பொறுமையாக மொள்ள வேண்டும், அவசரப்பட்டு இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஆகவே “தண்ணீர் இருக்கிறதா” என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தத் தண்ணீர், ஒரு நாளைக்கு எத்தனை குடம், யார் தூக்கி வருவது என்பது வரை கேட்க வேண்டும்.

உப்புத் தண்ணீரில் மட்டும் அலசிக் காயப்போட்ட துணியை மடித்துப் பாருங்கள், அப்பளம் மாதிரி மொடமொடக்கும். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும். சாயங்காலம் காற்றில் ஈரம் ஏறியதும் அதே துணி சவசவ என்று ஆகிவிடும். காரணம், துணியில் தங்கிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பிள்ளையின் தொடை இடுக்கில் அந்தத் துணி நாள் முழுக்க உரசினால் தோல் சிவக்காமல் என்ன செய்யும்? கட்டி சோப்பு வேறு இந்தத் தண்ணீரில் நுரைக்காமல் திரிந்து துணியிலேயே படிந்துவிடும். சலவைத் தூள் அந்த வகையில் பரவாயில்லை.

கை. துவைப்பது யார்? விடியும் முன்னே கடல்பாசி எடுக்கப் போகிற அம்மா, மீன் காய வைக்கிற இடத்தில் நாள் முழுக்க நிற்கிற அம்மா என்றால் துணி மொத்தமும் அப்பத்தா தலையில் விழும். முழங்கால் வலிக்கிற அப்பத்தாவை நம்பித் துணிக்கு மாறுவது சிக்கனக் கணக்கில் சேராது.

தோல். வெயில், வேர்வை, மணல் மூன்றும் சேர்கிற ஊர் இது.

காசு. ஒரு தடவை போடுகிற காசு எவ்வளவு, மாதாமாதம் போகிறது எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்.

கழற்றிய பிறகு எங்கே போகும். இதை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை.

## பழைய பருத்தித் துணி

வேட்டி, நைந்த பருத்திச் சேலை, இவற்றைக் கிழித்து நாலாக மடித்துக் கட்டுவது. காசு இல்லை. மெல்லிய துணி என்பதால் சீக்கிரம் காயும், கொதிக்க வைக்கலாம், கறை வெயிலிலேயே வெளுத்துவிடும். நனைந்தால் பிள்ளைக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இந்தக் கடைசி விஷயம் பார்க்கச் சின்னதுதான், ஆனால் பின்னால் பழக்கும்போது பெரிய உதவி.

தண்ணீர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளுக்குப் பத்து ஈரத்துணி, இரண்டு அசிங்கத் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அலசல் ஒரு குடம், தூள் போட்டுத் துவைக்க ஒன்று, அலச ஒன்று, கடைசி அலசலுக்கு ஒன்று. ஆக நாலு குடம், சுமார் 60 லிட்டர். வீட்டில் போர் இருந்தால் முதல் மூன்றும் உப்புத் தண்ணீரிலேயே முடித்துவிட்டு, கடைசிக் குடம் மட்டும் நல்ல தண்ணீரில் அலசலாம். துணி மெத்தென்று இருக்கும். அந்தக் கடைசித் தண்ணீரையும் கொட்டாமல் வைத்தால் மறுநாள் முதல் அலசலுக்கு ஆகும். போர் இல்லாமல் குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிற வீடு என்றால் நாலு குடத்துக்கு நாற்பது ரூபாய். பகலுக்கு நாலு டயப்பர் வாங்குகிற காசும் ஏறக்குறைய அதே நாற்பதுதான். அந்த வீட்டில் “துணிதான் மலிவு” என்ற பேச்சே எடுபடாது.

கடலில் அலசிக்கொண்டு வரலாமே என்று சிலர் செய்கிறார்கள். கடல் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது. மேலே சொன்ன மொடமொடப்பு இன்னும் மோசமாகத்தான் வரும். ஊருணிக் கரையிலோ ஊற்றுக்குப் பக்கத்திலோ அசிங்கத் துணியை அலசுவது அதைவிடத் தப்பு. அந்த மணல் வழியாக இறங்குவது நாளைக்கு நம் குடத்திலேயே வரும். குழந்தை மலம்தானே, அதில் என்ன இருக்கிறது என்பார்கள். பெரியவர்களுடையதைப் போலவே அதிலும் கிருமி உண்டு, பூச்சி முட்டை உண்டு. முதலில் கழிப்பறையில் தட்டிவிட்டு, அப்புறம்தான் அலசல்.

மறைந்திருக்கிற செலவு ராத்திரியில். தூளியில் தூங்குகிற பிள்ளை ஒரு தடவை நனைத்தால் தூளிச் சேலை முழுசும் போச்சு. பாயில் படுத்தால் பாய், மேலே விரித்த போர்வை, பக்கத்தில் படுத்திருக்கிற நம் சேலை. காலையில் ஒரு சேலையும் போர்வையும் துவைக்கிற தண்ணீர், பகல் முழுவதும் நனைந்த குட்டித் துணிகளுக்கு ஆகிற தண்ணீருக்குக் குறையாது. ரப்பர் ஷீட் போட்டால் பாய் தப்பிக்கும். சேலை தப்பாது.

எந்த வீட்டுக்கு நல்லது: போர் தண்ணீரும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் தினம் கிடைக்கிற வீடு, பகலில் துவைக்க ஆள் இருக்கிற வீடு. மாசத்தில் சொன்னால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மழைத்தண்ணீர் இன்னும் வற்றியிருக்காது, வெயிலும் வந்துவிடும்.

## கடையில் விற்கிற துணி டயப்பர்

வெளியே தண்ணீர் கசியாத பூசிய துணி, உள்ளே செருகுகிற பேட். ஒன்று முந்நூறு ரூபாயிலிருந்து மேலே போகும். குறைந்தது எட்டுப் பத்தாவது வேண்டும், ஆக மூவாயிரம் ரூபாய் முதலிலேயே போட வேண்டும். அடுத்த பிள்ளைக்கும் ஆகும் என்பார்கள், உண்மைதான், ஆனால் தண்ணீர் நல்லதாக இருந்தால்.

இங்கே அதில்தான் சிக்கல். தடித்த பேட் அலசுவதற்கே தண்ணீர் குடிக்கும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரில் துவைக்கத் துவைக்க நூலிடுக்கில் படிவு ஏறி, பேட் ஈரத்தை உறிஞ்சுவது குறைந்துகொண்டே வரும். மைக்ரோஃபைபர் பேட் என்றால் இது சீக்கிரம் நடக்கும், பருத்தி பேட் கொஞ்சம் தாங்கும். வாசனைக்காகத் துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் இன்னும் கெடும், அது நூலின் மேல் எண்ணெய்ப் பசையாகப் படிந்துவிடும். வெளிப்பூச்சைக் கொதிக்க வைக்கக் கூடாது. நம் ஊர் நடுமத்தியான வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் எலாஸ்டிக்கும் தளர்ந்துபோகும்.

எனக்கு இதில் பெரிய ஆசை இல்லை. நல்ல தண்ணீர் குழாயிலேயே வருகிற, வாஷிங் மெஷின் உள்ள டவுன் வீடுகளுக்கு இது அருமையான பொருள். மற்றவர்கள் இரண்டு மட்டும் வாங்கி, உள்ளே பேட்டுக்குப் பதில் வீட்டுப் பருத்தித் துணியையே மடித்து வைத்துப் பாருங்கள். கசியாத வெளி உறை நம் துணிக்கு நல்ல துணையாக இருக்கும். தூளியும் தப்பிக்கும்.

## ஒருமுறை போட்டுக் கழற்றும் டயப்பர்

பெரிய சைஸ் ஒன்று ஏறக்குறைய பத்து ரூபாய், கம்பெனியைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடக் குறைய. நாள் முழுக்கப் போட்டால் நாலைந்து ஆகும், மாதம் ஆயிரத்து இருநூறிலிருந்து ஆயிரத்து எண்ணூறு. ராத்திரிக்கு மட்டும் என்றால் மாதம் முந்நூறு சொச்சம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் பலர் பார்ப்பதில்லை. “டயப்பர் போடுவதா வேண்டாமா” என்று சண்டை போடுகிறார்களே தவிர, எத்தனை மணிக்கு மட்டும் போடுவது என்று பேசுவதில்லை.

தண்ணீர் மிச்சம் என்பது நிஜம். ராமேஸ்வரத்தில் ஏறி மதுரை போகிற பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், கல்யாண வீட்டில் இதை விட்டால் வேறு வழியும் இல்லை. தொழுகைப் பாய் விரிக்கிற இடம், பூஜை இடம் என்று தரை சுத்தம் பார்க்கிற வீடுகளில் பிள்ளை தவழ்கிற கூடத்தைத் திரும்பத் திரும்பக் கழுவுகிற வேலையும் மிச்சமாகும்.

தோலுக்கு வருவோம். உள்ளே இருக்கிற பொடி ஈரத்தை உறிஞ்சி ஜெல்லாகப் பிடித்து வைக்கும், சூட்டை அது ஒன்றும் செய்யாது. மே மாச வெயிலில் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே டயப்பர் ஆகாது. “இன்னும் கனக்கலையே, கிடக்கட்டும்” என்று காசுக்குப் பார்த்து இழுக்கிற வீட்டில்தான் புண் வரும். மலம் போனால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும். கழற்றியதும் ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவி, ஒற்றி, பத்து நிமிஷம் காற்றாட விட்டு, அப்புறம் அடுத்தது. பவுடர் கொட்ட வேண்டாம்: மடிப்பில் கட்டியாகத் தங்கும், தூள் மூச்சிலும் ஏறும். லேசாகச் சிவந்தால் துத்தநாக ஆக்சைடு களிம்பு போதும். இடுக்குக்குள்ளேயே நல்ல சிவப்பாகி, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. அதை டாக்டரிடம் காட்டுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற ட்யூப் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் சிவப்பு அமுங்கும், அப்புறம் முன்னைவிட மோசமாக வரும்.

யாரும் சொல்லாத ஒரு குறை: பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்த நாளில் சிறுநீர் போகிறதா இல்லையா என்று டயப்பரில் தெரியவே தெரியாது. உடம்பில் தண்ணீர் வற்றுகிறதா என்பதற்கு அதுதானே முக்கியமான அடையாளம்? அன்றைக்கு டயப்பரை விட்டுவிட்டு வெள்ளைத் துணி கட்டுங்கள், அல்லது டயப்பருக்குள் ஒரு பருத்தித் துண்டை வையுங்கள். ஆறு மணி நேரமாகத் துண்டு நனையவில்லை, வாய் காய்கிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இனி குப்பை. அரியமான் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும். டயப்பரோடு ஒரு பிள்ளையை அலையில் உட்கார வைப்பார்கள். எழுந்து நிற்கும்போது டயப்பர் முழங்கால் வரை தொங்கும். கடல் தண்ணீரைக் குடித்து அது கனத்துப்போய் பிள்ளையைப் பின்னால் இழுக்கும், ஒரு சின்ன அலை வந்தாலே பிள்ளை உட்கார்ந்துவிடும். அப்பா ஓரத்தைப் பிய்ப்பார். உள்ளேயிருந்து கண்ணாடிப் பரல் பரலாக ஜெல் வழிந்து மணலில் கொட்டும். சுற்றும் முற்றும் தொட்டியைத் தேடுவார், காணோம் என்றதும் குதிகாலால் ஒரு குழி பறித்து, அதில் போட்டு, மணலைத் தள்ளி மூடிவிட்டு நடப்பார். காலையில் நாய் அதைத் தோண்டி இழுத்துப் போட்டிருக்கும். இது பாக் விரிகுடாக் கடல்; தெற்கே கொஞ்ச தூரத்தில், மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் தேசியக் கடல் பூங்கா என்று அறிவித்திருக்கிறார்கள். ஆவுளியா என்கிற கடல்பசுவும் ஆமையும் மேய்கிற புல்வெளி இரண்டு கடலிலும் தண்ணீருக்கடியில் இருக்கிறது. மேலுறை பிளாஸ்டிக், அது மக்காது.

கடலுக்குப் போகும்போது டயப்பரைக் கழற்றிவிட்டு ஒரு ஜட்டி மாட்டுங்கள், போதும். வீட்டில் கழற்றியதை, மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, சுருட்டி ஒட்டி, தாளில் சுற்றித் தனியாகத் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. குப்பை வண்டி வாரம் ஒரு தடவைதான் வருகிற ஊரென்றால் மூடியுள்ள வாளி ஒன்று தனியாக வேண்டும். முழு நாளும் டயப்பர் போடுகிற வீட்டில் அந்த வாளி முப்பதைத் தாண்டும். ஒரு வாரம் அதை வீட்டில் வைத்துப் பார்த்தால் ராத்திரிக்கு மட்டும் போடுகிற யோசனை தானாக வரும். எரிப்பது கூடாது. கழிப்பறைக் குழிக்குள் போடவே கூடாது, ஜெல் ஊதி அடைத்துக்கொண்டால் குழியைத் திறக்கத்தான் ஆள் கூப்பிட வேண்டும்.

எந்த வீட்டுக்கு நல்லது: எல்லா வீட்டுக்கும், ராத்திரிக்கு. பகலிலும் என்றால் தண்ணீர் விலைக்கு வாங்குகிற, துவைக்க ஆளில்லாத வீடு. அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நம் மாவட்டத்துக்கு வருஷ மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாசத்தில்தான். அப்போது தண்ணீருக்குப் பஞ்சமில்லை, துணிதான் காயாது. காயாத துணியைக் கட்டினால் புண் நிச்சயம். கோடையில் வெயில் இருக்கும், தண்ணீர் இருக்காது. மழையில் தண்ணீர் இருக்கும், வெயில் இருக்காது. இந்த ஊரில் குழந்தை வளர்ப்பதில் பாதி அலுப்பு இதில்தான்.

## ஒன்றும் போடாமல் பழக்குவது

அப்பத்தாமார் கட்சி. அரைஞாண் கயிறு மட்டும்தான் உடுப்பு. காலை எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் கூட்டிக்கொண்டுபோய் “ஸ்ஸ்ஸ்” என்று உட்கார வைத்தால் பிள்ளை பழகிக்கொள்ளும் என்பார்கள். தண்ணீரும் மிச்சம், காசும் மிச்சம், குப்பையும் இல்லை. தோலுக்கு இதைவிட நல்லது வேறு கிடையாது. இருந்தும் ஏன் எல்லாரும் செய்வதில்லை? ஒரு பெரிய ஆள் நாள் முழுக்கப் பிள்ளை மேலேயே கண்ணாக இருக்க வேண்டும். அந்த ஆள் கிடைப்பதுதான் இதன் விலை.

வயதும் பார்க்க வேண்டும். ஒன்றரை வயதுக்கு முன்னால் “ஸ்ஸ்ஸ்” சொல்லிப் பிடித்துவிடுவது பெரியவரின் சாமர்த்தியம்; பிள்ளை பழகியது என்று அதைச் சொல்ல முடியாது. இரண்டு மணி நேரமாவது நனைக்காமல் இருப்பது, வந்தால் முகத்தாலோ சொல்லாலோ காட்டுவது, தானாகக் குந்தி எழுவது, ஜட்டியைக் கீழே இறக்கத் தெரிவது, இவை தெரிந்தால் ஆரம்பிக்கலாம். சில பிள்ளைக்கு ஒன்றரை வயது, சில பிள்ளைக்கு மூன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் நமக்குத்தான் தலைவலி.

இதற்கு நம் கரையில் ஒரு நல்ல காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற அப்பா வீட்டில் இருப்பார். தரை நனைந்தாலும் ஐந்து நிமிஷத்தில் காயும். பிள்ளைக்கு ஜட்டிகூட வேண்டாத வெயில். தண்ணீர் குறைந்த நேரத்தில் துவைக்கிற துணியும் குறையும். ஆம்பளைப் பிள்ளை அப்பா போவதைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளும். வலையைப் பிரித்துச் சீர்படுத்துகிற நேரத்தில் ஒரு கண்ணைப் பிள்ளை மேல் வைத்திருக்க அப்பாவுக்கு முடியாதா என்ன? “நீயே பாத்துக்க” என்று நகர்கிற ஆளிடம் தடைக்காலக் கணக்கை நினைவுபடுத்துங்கள்.

உட்காரும் இடம் முக்கியம். நம் குந்தும் கழிப்பறைக் குழி சின்னப் பிள்ளைக்குப் பயம் தரும், கால் வழுக்கினால் விழவும் செய்யும். பிளாஸ்டிக் பாட்டிச் சட்டி (potty) ஒன்று இருநூறு முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, அதில் வைத்துவிட்டுக் கழிப்பறையில் கொட்டிக் கழுவலாம். அதுவும் இல்லையா, அப்பத்தாமார் செய்வதுபோல் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு மேல் பிள்ளையை உட்கார வைக்கலாம். பிள்ளைக்குப் பிடிமானம் இருக்கும். “மணல்தானே, அப்படியே போகட்டும்” என்று வெளியே விடுவதுதான் வேண்டாம். கொக்கிப் புழு மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாகவே ஏறும். அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதே மணலில்தான் விளையாடுகிறது.

பெண் பிள்ளையைச் சும்மா விட்டால் மணலில் உட்காரும்போது மணல் உள்ளே போய் அரிப்பும் எரிச்சலும் வரும். வாசலுக்கு வரும்போது தளர்ந்த பருத்தி ஜட்டி போட்டே விடுங்கள். கழுவும்போது முன்னிருந்து பின்னாக, எப்போதும். இதைத் தாத்தா உட்படக் கழுவிவிடுகிற எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

இந்த வழியில் இரண்டு தப்பு அடிக்கடி நடக்கிறது. ஒன்று, நனைக்கக் கூடாது என்று தண்ணீர் கொடுப்பதைக் குறைப்பது. இந்த வெயிலில் அது ஆபத்து. மூத்திரம் கடும் மஞ்சளாக வந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இரண்டு, தரையில் போய்விட்டால் அதட்டுவது, அடிப்பது. பயந்த பிள்ளை மலத்தை அடக்கும். அடக்கினால் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் மறுபடி அடக்கும். பாட்டிச் சட்டியில் உட்கார வைக்கவே முடியாமல் போய்விடும். தம்பி தங்கை பிறந்த நேரம், வீடு மாறின நேரம், காய்ச்சல் வந்து எழுந்த நேரம் என்றால் பழகியதும் மறக்கும். ஒரு மாசம் விட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | நாளுக்கு நல்ல தண்ணீர் | காசு | குப்பை | பொருந்தும் காலம் |
|---|---|---|---|---|
| பழைய துணி | போர் இருந்தால் 1 குடம், இல்லையென்றால் 4 | சலவைத் தூள்; தண்ணீர் வாங்கினால் நாளுக்கு 40 ரூபாய் | இல்லை | ஜனவரி முதல் மார்ச் |
| கடைத் துணி டயப்பர் | பழைய துணியைவிடக் கூட | முதலில் சுமார் 3,000 ரூபாய் | கடைசியில் கொஞ்சம் | நல்ல தண்ணீர் குழாயில் வரும் வீட்டில் எப்போதும் |
| ஒருமுறை டயப்பர் | கழுவ ஒன்றிரண்டு சொம்பு | முழு நாள்: மாதம் 1,200–1,800; ராத்திரி மட்டும்: 300 சொச்சம் | நிறைய | மழை மாசம், பயணம், ராத்திரி |
| சும்மா விட்டுப் பழக்குவது | தரை துடைக்க அரைக் குடம் | பாட்டிச் சட்டி 200–300 | இல்லை | தடைக்காலம், ஒன்றரை வயதுக்கு மேல் |

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரை அட்டவணையில் சேர்க்கவில்லை, அது ஒரு இழுபறி. கச்சான் காற்று அடிக்கும், தண்ணீர் கடைசிக் கட்டத்தில் இருக்கும். கொடியில் போட்ட துணியில் மணலும் உப்பும் வந்து அப்பும், உதறாமல் கட்டினால் பிள்ளை கத்தும். கடலைப் பார்த்த பக்கத்தில் காயப்போடாமல் வீட்டுக்குப் பின்புறம் போட்டு, வெயில் இறங்கும் முன்னே எடுத்துவிட வேண்டும். தடைக்காலத்தில் பழக்கிய பிள்ளை என்றால் இந்த மூன்று மாசமும் ஜட்டியிலேயே ஓடிவிடும்.

## சில வீடுகள், சில பதில்கள்

கீழக்கரையில் உம்மாவும் பிள்ளையும் மட்டும், வாப்பா வெளிநாட்டில், தண்ணீர் லாரியில்: பகலில் துணி வேண்டாம். ராத்திரிக்கும் வெளியே போகவும் டயப்பர், பகலில் ஜட்டியோடு பாட்டிச் சட்டி. வாப்பா அடுத்த தடவை வரும்போது பெட்டியில் டயப்பர் குறைந்தால் மற்றதுக்கு இடம் கிடைக்கும்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம், அம்மா காலையில் வேலைக்குப் போய்விடுகிறார், பிள்ளை அப்பத்தாவிடம்: துவைக்கச் சொல்லாதீர்கள், பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பகலில் சும்மா விட்டு அப்பத்தா வழியிலேயே பழக்கட்டும். ராத்திரி டயப்பர் செலவை நாம் ஏற்றுக்கொண்டால் கணக்கு சரி.

ராமநாதபுரம் டவுனில் குழாயும் மெஷினும் உள்ள வீடு: துணி டயப்பருக்குக் காசு போடலாம். பருத்தி பேட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு வயது முடிந்து அங்கன்வாடிக்கு அனுப்பப் போகிற பிள்ளை: அங்கே ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், அவர்களைச் சுற்றி அத்தனை பிள்ளைகள். டயப்பர் மாற்றிவிட யாருக்கும் கை இருக்காது. சேர்ப்பதற்கு இரண்டு மாசம் முன்னாலேயே பகல் டயப்பரை நிறுத்திவிடுங்கள். பையில் இரண்டு மாற்று ஜட்டி வையுங்கள். பிள்ளை வீட்டில் எந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடுகிறதோ, அதை உதவியாளர் அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். “ச்சூ” என்று ஒரு வீட்டில் சொல்வது இன்னொரு வீட்டில் “ஒண்ணுக்கு”, பிள்ளை கேட்டும் புரியாமல் நனைந்து நிற்கும்.

ராத்திரி டயப்பரை எப்போது நிறுத்துவது என்று கேட்பவர்களுக்கு: தொடர்ந்து ஒரு வாரம் காலையில் டயப்பர் உலர்ந்தே இருந்தால் நிறுத்தலாம். பகலில் நன்றாகப் பழகிய பிள்ளையும் ராத்திரி நனைப்பது சகஜம், ஐந்து வயது வரை அதற்காக டாக்டரிடம் ஓட வேண்டியதில்லை. ஆறு மாசத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்தால், எரிகிறது என்று அழுதால், காய்ச்சல் இருந்தால், அப்போது மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி மூத்திரப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.